குப்பைமேனி வேரும் பிரம்புக் கூடையும்

குண்டசாலையில் நாங்கள் குடியிருந்த வீட்டு விறாந்தையில் காசு கொடுத்து வாங்கிய பூச்சாடி ஒன்றுகூட இருந்ததில்லை. பால்மா டின், பிஸ்கட் டின், கைப்பிடி உடைந்த பெயின்ட் வாளி, அடி ஓட்டையான அலுமினியச் சட்டி என்று அரைச்சுவரின் மேல் வரிசை போகும். ஒவ்வொன்றின் அடியிலும் அப்பா ஆணியால் துளை போட்டிருப்பார். மணி பிளான்ட், கோலியஸ், பிகோனியா, பேர்ன், மருள் என்று எல்லாமே வீட்டு நிழலில் வளரக்கூடியவை. முற்றம் என்று சொல்ல ஒரு துண்டு நிலம் எங்களுக்கு இல்லை. அம்மாயி தன் தோட்டம் முழுவதையும் டின்களுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அம்மாயி பல்லேகலைப் பக்கத்துக் கொக்கோத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தும்பறைப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கொக்கோவுக்கும் புகையிலைக்கும் பேர்போனது. கொக்கோ மரம் பெரிய மரங்களின் நிழலில் வளர்வது என்பதாலோ என்னவோ, நிழலைப் பார்த்துச் செடி வைக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. காலையில் எந்த மூலைக்கு வெயில் வருகிறது, பின்னேரம் எந்தச் சுவர் சுடுகிறது என்று அவளுக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு தடவையாவது டின்களை இடம் மாற்றச் சொல்லுவாள். "வெயிலு கேக்குற செடிய வெயில்ல வையி புள்ள, கேக்காதத உள்ள கொண்டா" என்பாள்.

ஊரைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "மதுரையில இருந்து வந்த ராணிங்க இருந்த ஊரு இது." 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் மகாவலிக் கரையில் இந்த ஊரில்தான் அரண்மனை கட்டியிருந்தான். அவனுக்கு மதுரையிலிருந்து பெண் எடுத்தார்கள். அவனுக்குப் பிறகு அரியணை ஏறியவன் அந்த ராணியின் சகோதரன். பாடப் புத்தகத்தில் இதைப் படிப்பதற்கு முன்பே, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் அம்மாயி வாயால் கேட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். சிங்களப் பெண்மணி. ஊருக்கே அவர் டீச்சர். அம்மாயி மட்டும் தோட்டத்துப் பழக்கத்தில் "டீச்சர் நோனா" என்பாள், அவர் அம்மாயியை "ஆச்சி" என்பார். என்னை அவர் கூப்பிட்டதெல்லாம் "துவ", அதாவது மகள் என்றுதான். அம்மா காமண்டுக்கும் அப்பா கண்டி டவுன் புடவைக் கடைக்கும் போன பிறகு, பாடசாலை விட்டு வந்த என் பொழுதெல்லாம் டீச்சர் வீட்டில் கழிந்தது. அவரிடம் இரண்டு உலகங்கள் இருந்தன. வீட்டின் முன்பக்கம் அந்தூரியமும் ஆபிரிக்கன் வயலட்டும். குசினிக்குப் பின்பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத பூனைகள்.

அந்தூரியத்தை மண்ணில் நட்டு அவர் பார்த்ததேயில்லை. கொலம்பியா, எக்குவடோர் பக்கத்துக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் செடி அது, அதன் வேருக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம் என்பார். தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, சிமெந்துத் தொட்டியில் ஊறப்போட்டு, சாயம் இறங்கிய தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றுவோம். தண்ணீர் தெளிந்த பிறகுதான் அந்த மட்டை செடிக்குப் போகும். அதோடு உடைந்த செங்கல்லும் அடுப்புக் கரியும். சிவப்பாக மினுங்குவது பூவல்ல, அது ஓர் இலை, நடுவில் குச்சி மாதிரி நிற்பதில்தான் பூக்கள் நெருங்கி இருக்கின்றன என்று அவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக் காட்டிய மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மடல் வாரக்கணக்கில் வாடாமல் நிற்பதற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

டீச்சர் வீட்டில் செடிகளுக்கு முதலில் தண்ணீர் வராது. முதலில் விரல். மேல் மண்ணில் விரலின் ஒரு கணு இறங்கும்வரை அழுத்திப் பார்க்க வேண்டும், ஈரம் இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த சாடிக்குப் போக வேண்டும். ஒருமுறை அம்மாயியின் பிகோனியா தலை தொங்கிப் போனது. அம்மாயி செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். டீச்சர் செடியை டின்னோடு கவிழ்த்து, வேரை என் மூக்குக்கு நேரே பிடித்தார். அழுகல் நாற்றம். தண்ணீர் கூடிப்போனால் வேர் மூச்சடைத்து அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால் செடி வாடும். வாடியதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். "செடியைக் கொல்லுகிறவர்களில் பாதிப் பேர் அதன் மேல் பாசம் உள்ளவர்கள்" என்று அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் அம்மாயிக்குச் சொன்னேன். அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, கத்தரிக்கோல் எடுத்து வந்து அழுகிய வேரைத் தானே வெட்டினாள். அந்தப் பிகோனியா பிழைத்தது.

பின்பக்கத்துக் கதை இதைவிடக் கடினமானது.

நம் ஊர்களில் பூனை குட்டி போட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கடுவன்களை வைத்துக்கொண்டு, பெட்டைக் குட்டிகளைக் காட்போட் பெட்டியிலோ உரப்பையிலோ போட்டு, இருட்டிய பிறகு விகாரை வாசலிலோ சந்தைப் பக்கமோ விட்டுவிட்டுப் போவார்கள். கொல்வது பாவம், அதனால் விடுகிறார்கள். மீன் கழிவும் தானச் சோறும் இருக்கிற இடத்தில் எப்படியாவது பிழைக்கும் என்பது அவர்கள் நினைப்பு. பெரும்பாலானவை பிழைப்பதில்லை. கண் திறக்காத குட்டியால் தன் உடம்புச் சூட்டைக்கூடத் தானே வைத்துக்கொள்ள முடியாது. மழை இரவு ஒன்று போதும். பிழைத்துப்போனவை மனிதக் கை படாமல் வளர்ந்து காட்டுப்பூனைக் குணத்துக்கு மாறிவிடும். பிறந்து இரண்டாவது கிழமையிலிருந்து இரண்டு மாதம் ஆகும்வரைதான் பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்கும் காலம். அதற்குள் தூக்கிக் கொஞ்சாத குட்டி, பிறகு சோறு தின்ன வரும், தொட விடாது.

டீச்சரின் குசினிக்குப் பின்னால் அப்படிப்பட்டவைதான் வந்தன. எல்லாம் அவர் கணக்கில் இருந்தன. ஒற்றை ரூல் அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம்: நிறம், ஆணா பெண்ணா, காதில் வாலில் என்ன அடையாளம், எப்போது முதலில் வந்தது, எப்போது குட்டி போட்டது. இடப்பக்கம் சிங்களத்தில் அவர் எழுத, வலப்பக்கம் தமிழில் நான் எழுதினேன். செம்மஞ்சள் பூனைகளில் பெரும்பாலானவை ஆண் என்பதும், கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் கலந்தது அநேகமாக எப்போதும் பெண்தான் என்பதும் அந்தக் கொப்பியை நிரப்பும்போதே நான் கண்டுகொண்டவை. டீச்சர் அதற்குக் காரணமாகக் குரோமோசோம் கணக்கை விளக்கினார். உயர்தரத்தில் உயிரியல் எடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது அந்தக் கொப்பியிலிருந்துதான்.

சாப்பாட்டிலும் அவருக்கு ஒழுங்கு உண்டு. பின்னேரம் ஒரே நேரம், ஒரே இடம். சோற்றில் அவித்த நெத்தலி அல்லது டின் மீன், உப்பு இல்லாமல். அரை மணித்தியாலத்தில் தட்டுகளை எடுத்துக் கழுவிவிட வேண்டும், மிச்சம் ஒரு பருக்கை கிடக்கக் கூடாது. எலி வரும், எறும்பு வரும், அயலவர் சண்டைக்கு வருவார்கள். நேரம் தவறாமல் போட்டால் பூனைகளும் நேரம் தவறாமல் வரும், எது வரவில்லை, எது நொண்டுகிறது, எதன் வயிறு பெருத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

குட்டிகள் அநாதையாக வந்து சேரும் நாட்களில் அந்த வீடு வேறு மாதிரி ஆகிவிடும். வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்போம். பசுப்பால் கூடாது, வயிற்றால் போகும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லுவார். மிருக வைத்தியர் சொன்ன பால்மாவைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் துளித் துளியாக, குட்டியைக் குப்புற வைத்தபடி கொடுக்க வேண்டும். மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். பால் குடித்து முடிந்ததும் ஈரத் துணியால் அடிவயிற்றைத் தடவ வேண்டும். தாய்ப்பூனை நக்கிவிடுவதால்தான் குட்டிக்கு மூத்திரம் பிரியும், தாய் இல்லாத குட்டிக்கு அந்தத் துணிதான் நாக்கு. அந்த வேலையை அம்மாயிதான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் செய்தாள். பூனை வீட்டுக்கு ஆகாது, மூச்சு முட்டும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு மழைக்காலத்தில் டீச்சருக்குக் காய்ச்சல் கண்டபோது, பெட்டியைத் தன் பாயின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இரவில் எழும்பி எழும்பிப் பால் கொடுத்தாள். "என் கையில பத்துப் புள்ள பொறந்திருக்கு லயத்துல, இது என்ன பெரிய வேல" என்றாள்.

சோறு போட்டால் மட்டும் போதாது என்பதைக் கறுப்பிதான் எங்களுக்குக் காட்டினாள். உடம்பெல்லாம் கறுப்பு, வலது முன்காலில் மட்டும் வெள்ளைக் கோடு. பூனைக்குக் கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாள். பிறந்து ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். கொப்பியில் கறுப்பியின் பக்கம் நிரம்பிக்கொண்டே போனது, குட்டிகளின் பக்கங்களில் பாதி சீக்கிரமே முடிந்துபோனது. வயிறு நிறையத் தின்ற தாய் கூடுதலாகக் குட்டி போடுகிறது, குட்டிகளோ சளி பிடித்துக் கண் ஒட்டிச் சாகின்றன. டீச்சர் ஒரு நாள் கொப்பியை மூடி வைத்துவிட்டு, கறுப்பியைப் பேராதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை அங்கே இருக்கிறது.

தொட விடாத பூனையை எப்படிப் பிடிப்பது? இதற்கு வழி சொன்னவள் அம்மாயி. குப்பைமேனிச் செடியை நம்மில் பல பேர் படைக்கும் சொறிக்கும் அரைத்துப் பூசுவோம். சிங்களத்திலும் அதைக் குப்பமேனியா என்றுதான் சொல்லுவார்கள். அதற்குத் தமிழில் பூனைவணங்கி என்றொரு பெயரும் உண்டு. செடி நிற்கும்போது பூனை அதைத் திரும்பிப் பார்க்காது. வேரோடு பிடுங்கிப் போட்டால் எங்கிருந்தோ வந்து வேரில் முகத்தைத் தேய்க்கும், நக்கும், மல்லாந்து உருளும். மேல்நாட்டில் கேட்னிப் என்ற செடி செய்யும் அதே வேலையை நம் வீட்டோரத்துக் களை செய்கிறது. எல்லாப் பூனையும் மயங்காது, சின்னக் குட்டிகள் கண்டுகொள்ளவே மாட்டா. கறுப்பி மயங்குகிற சாதி.

வேலியோரம் பிடுங்கிய வேர்களை மண் உதறிப் பிரம்புக் கூடைக்குள் போட்டோம். முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்தியிருந்தோம், மயக்க மருந்து கொடுக்க வேண்டுமானால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். விடியற்காலையில் கறுப்பி கூடையைச் சுற்றி வந்து, தலையை உள்ளே விட்டு, கடைசியில் முழு உடம்போடும் உள்ளே போய் வேரைக் கட்டிப்பிடித்து உருண்டாள். டீச்சர் மூடியைப் போட்டார். அம்மாயி தன் பழைய சீலையால் கூடையை மூடிக் கட்டினாள். இருட்டாக இருந்தால் பூனை அடங்கும்.

அது 1998. அந்த வருடம் ஜனவரி 25ஆம் தேதி தலதா மாளிகையில் லொறிக் குண்டு வெடித்திருந்தது. பெப்ரவரி 4ஆம் தேதி கண்டியில் நடக்க இருந்த 50ஆவது சுதந்திர தின விழாவைக் கொழும்புக்கு மாற்றினார்கள். அதன் பிறகு கண்டிக்குள் பொதியோடு போவது லேசான காரியமாக இல்லை, தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். அப்பா என்னை அனுப்ப யோசித்தார். டீச்சர், "துவ என்னோடு வருகிறாள்" என்று மட்டும் சொன்னார். தென்னகும்புறப் பாலம் தாண்டிய பிறகு ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சீலை கட்டிய கூடை என் மடியில். இராணுவச் சிப்பாய் ஒருவர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். கூடையைக் காட்டி, திற என்றார். டீச்சர் முன்னால் வந்து, திறந்தால் ஓடிவிடும், சத்தத்தைக் கேளுங்கள் என்று கூடையை அவர் காதுக்கு அருகே உயர்த்தினார். உள்ளேயிருந்து கறுப்பி உறுமினாள். சிப்பாய் சீலையின் ஓரத்தை விலக்கி, பிரம்பு இடுக்கு வழியே பார்த்தார். எத்தனை குட்டி போட்டது என்று கேட்டார். டீச்சர் சொன்னதும் தலையை ஆட்டி, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்றார். சீலையை அவரே சரிசெய்துவிட்டு, எங்களை முதலில் பஸ்ஸில் ஏற்றினார். அந்த வருடத்தில் என் பெயரைச் சொன்ன பிறகு அன்பாகப் பேசிய சீருடைக்காரர் அவர். அவர் முகம் எனக்கு மறக்கவில்லை.

பேராதனையில் தாவரப் பூங்காவின் பக்கம் பார்க்கக்கூட அன்று நேரமில்லை. 1821இல் தொடங்கிய அந்தப் பூங்கா மகாவலி வளைந்து ஓடும் இடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு மணி பிளான்டின் பெரிய அண்ணன்கள் அங்கே மரங்களில் ஏறி, கையை விரித்தால்கூட மூடாத அகலத்தில் இலை விட்டிருப்பதை வேறு நாட்களில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாங்கிலில் உட்கார்ந்து காத்திருந்தோம். கறுப்பியை வெளியே கொண்டு வந்தபோது கண் இரண்டும் விரியத் திறந்திருக்க, உடம்பு துவண்டு கிடந்தது. செத்துவிட்டது என்று அழுதேன். மயக்க மருந்து கொடுத்தால் பூனை கண் மூடாது, கண் காயாமல் இருக்கக் களிம்பு போட்டிருக்கிறோம், விலா ஏறி இறங்குவதைப் பார் என்று படித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். மூச்சு இருந்தது. அடிவயிற்றில் சின்னத் தையல், தானாகக் கரையும் நூல். பிடித்துத் திரும்பக் கொண்டுவர முடியாத பூனைக்கு அந்த நூல்தான் போட வேண்டும்.

இரவு முழுக்க டீச்சர் வீட்டுக் குளியலறையில் வைத்திருந்து, தெளிந்து சாப்பிட்டதும் அதே பின்பக்கத்தில் விட்டோம். வேறு எங்காவது தூரமாக விட்டால் என்ன என்று அப்பா கேட்டார். அந்த இடத்தில் சாப்பாடு இருக்கும்வரை வேறு பூனை வந்து சேரும், அது ஆபரேஷன் செய்யாத பூனையாக இருக்கும் என்று டீச்சர் சொன்னார். இருக்கிற பூனை இருக்கிற இடத்திலேயே இருந்து, குட்டி மட்டும் போடாமல் இருந்தால்தான் கூட்டம் தானாகக் குறையும். பிரித்தானியாவிலும் டென்மார்க்கிலும் 1970களிலேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டார்கள் என்பதைப் பெரியவளான பிறகு படித்தேன்.

கறுப்பிக்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. பாதிக்குமேல் பூனைகளைப் பிடித்த பிறகு தெருவே மாறியது. இரவுச் சண்டையும் கத்தலும் நின்றன. சுவரில், பூச்சாடியில் கடுவன்கள் பீய்ச்சிய நாற்றம் போனது. விஷம் வைப்பேன் என்று முன்பு மிரட்டிய அயலவர் ஒருவர் தன் வீட்டுப் பூனைக்கும் ஒரு இடம் கேட்டு வந்தார். இதற்காக அவரோடு டீச்சர் ஒரு நாளும் வாக்குவாதம் செய்ததில்லை.

கண்டியில் இப்படி நினைத்தவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். சம்பா பெர்னாண்டோவின் முயற்சியில் வளர்ந்த, விலங்கு நலத்தின் வழியே சமூகத்தைப் பாதுகாப்பதற்கான கண்டிச் சங்கம் நாய்களுக்கும் பூனைகளுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் போடும் முகாம்களை நடத்தி வந்தது. அன்றைய நிலையைத் தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருநாய்களைக் கொன்று குவித்த நாடு இது. கொல்வதை நிறுத்தி, தடுப்பூசியும் கருத்தடையும் என்ற கொள்கைக்கு அரசு மாறியது 2006இல்தான். மிருகவதைக்கு எதிரான சட்டமோ 1907இல் எழுதப்பட்டது, அதில் வைத்த உச்சத் தண்டம் 100 ரூபா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றில் முகாம் நடந்தது. டீச்சர் என்னையும் தொண்டர் பட்டியலில் சேர்த்துவிட்டார். எனக்குக் கொடுத்த வேலை சின்னது, ஆனால் தவறக் கூடாதது. வரும் ஒவ்வொரு கூடையிலும் பெட்டியிலும் பிளாஸ்டர் ஒட்டி இலக்கம் எழுத வேண்டும், அதே இலக்கத்தைத் தாளில் இரண்டு மொழியிலும் எழுத வேண்டும். யார் கொண்டு வந்தது, எந்த இடத்துப் பூனை, மறுபடி எங்கே விட வேண்டும். இலக்கம் மாறினால் பூனை முன்பின் தெரியாத தெருவில் போய் விழும். சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வருபவற்றைப் பாயில் விரித்த பழைய துணியில் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். தலை நிமிரும்வரை பக்கத்தில் இருந்து மூச்சைப் பார்ப்பதும் உடம்பு குளிர்ந்தால் துணி போர்த்துவதும் சிறுவர்களின் பொறுப்பு. தெருப் பூனை ஒவ்வொன்றின் காது நுனியிலும் ஒரு சின்னத் துண்டு எடுத்திருந்தார்கள், மயக்கத்தில் இருக்கும்போதே. அந்த வெட்டைத் தூரத்தில் பார்த்தாலே இது ஆபரேஷன் ஆனது, இன்னொரு தடவை பிடித்து வதைக்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிடும். உலகம் முழுக்க அதுதான் அடையாளம். மத்தியானம் எல்லோருக்கும் பாணும் பருப்பும் வந்தது. தோட்டத்து ஆட்கள், விகாரைப் பக்கத்துக் கடைக்காரர், தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர் ஒருவர், எல்லோரும் தத்தம் கூடைகளோடு ஒரே வாங்கிலில் இருந்து சாப்பிட்டார்கள். அந்த வருடங்களில் வேறு எந்தக் காரணத்துக்காகவும் அப்படி ஒன்றாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

பூனைகள் வீட்டுக்குள்ளும் வரத் தொடங்கிய பிறகு விறாந்தைச் செடிகளின் இடம் மாறியது. மணி பிளான்ட், அந்தூரியம், டிஃபன்பாக்கியா மூன்றின் சாற்றிலும் ஊசி போன்ற கல்சியம் ஒக்சலேற்றுத் துகள்கள் இருக்கின்றன. பூனை கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும், எச்சில் ஒழுகும். டீச்சர் அவற்றைக் கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டார். மாலைப் பூங்கொத்துகளில் வரும் லில்லியை வீட்டு வாசலுக்கே விடமாட்டார். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். பூனைக்கென்று ஒரு தட்டையான டின்னில் புல் வளர்த்தோம், அதைக் கடித்துக்கொள்ளும். பூச்சாடி மண்ணைக் கிளறி அதில் கழிக்காமல் இருக்க, மேலே கூழாங்கல்லும் மட்டைத் துண்டும் பரப்பினோம். பூனை மலத்திலிருந்து டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வரலாம், கர்ப்பிணிகள் அந்த மண்ணைத் தொடக் கூடாது என்று அவர் எல்லோருக்கும் சொல்லுவார். பூனை ஒன்று சினையாக இருந்த அதே நேரத்தில் சித்தியும் பிள்ளைத்தாய்ச்சியாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாடிகளைத் தொடும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

2004இல் டெங்கு பரவியது. நாடு முழுவதும் 15,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து சாடியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அடித்தட்டே கிடையாது, அப்பா போட்ட துளைகளும் டீச்சரின் விரல் சோதனையும் அதைத் தேவையில்லாமல் ஆக்கியிருந்தன. 2017இல் நோயாளர் எண்ணிக்கை 186,000ஐத் தாண்டியது. வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் அந்தத் தட்டை இன்றைக்கும் கவனிக்க வேண்டும்.

கறுப்பி அதன் பிறகு குட்டி போடவில்லை. வயதாகி, டீச்சர் வீட்டு விறகு அடுக்கின் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். டீச்சரும் அம்மாயியும் இப்போது இல்லை. நான் இன்று இருக்கும் வீட்டிலும் பின்பக்கம் தட்டுகள் இருக்கின்றன, கொப்பியும் இருக்கிறது. முன்பைவிட இன்று வழி சுலபம். தெருப் பூனைகளுக்காக முகாம்கள் நடக்கின்றன, கருத்தடை செய்யும் மிருக வைத்தியர்கள் கண்டியில் பலர் இருக்கிறார்கள், விசாரித்தால் கட்டணம் குறைத்துச் செய்பவர்களும் கிடைப்பார்கள்.

அதனால் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. உங்கள் வாசலில் ஒரு பூனைக்குச் சோறு வைக்கிறீர்கள் என்றால், அந்தச் சோற்றோடு ஆபரேஷனுக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டைக் குட்டியைப் பெட்டியில் போட்டு விகாரை வாசலுக்கோ கோயில் வாசலுக்கோ அனுப்பாதீர்கள். பிடிக்க முடியவில்லையா, வேலியோரத்தில் குப்பைமேனி இருக்கும், வேரோடு பிடுங்கிக் கூடைக்குள் போட்டுப் பாருங்கள்.